குழாய்க்கு அந்தப் பக்கம்

எனக்குச் சத்தம் ஆகாது. வலியசாலையில் எங்கள் தெருவுக்குள் நுழைந்து என்னைப் பற்றி விசாரித்தால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். பாத்திரம் கீழே விழுந்தால் கத்துவேன். கதவை அறைந்து சாத்தினால் கத்துவேன். உற்சவ நாட்களில் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தணித்து வையுங்கள் என்று போய்ச் சண்டை போட்டவன் நான். அந்த வருஷம் தெருவில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை. எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

என் மனைவி பல விஷயங்களில் எனக்கு விட்டுக்கொடுத்தவள். மிக்ஸி விஷயத்தில் மட்டும் கொடுக்க மாட்டாள். காலையில் நான் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போவதைப் பார்த்தால் அடுக்களையிலிருந்து குரல் வரும். "ஏன்னா, சட்னியை நான் என்ன வாயால ஊதியா அரைக்கறது? இது குடித்தனம் நடக்கற இடமாக்கும். உங்க சப்மரீன் இல்லை, கேட்டேளா!"

அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் மீசை சரியாக முளைக்காத வயதில் கடற்படைக்குப் போய், இளமை முழுவதையும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் கழித்தவனுக்கு வேறு எந்தப் பழக்கம் வரும்? என் வேலை சோனார் அறையில். காதில் கருவியை மாட்டிக்கொண்டு கடலைக் கேட்க வேண்டும். தூரத்தில் போகிற கப்பலின் விசிறி, மீன் கூட்டம், மழை, எல்லாவற்றையும் காதால் பிரித்துச் சொல்ல வேண்டும். நாங்கள் மற்றவர்களைக் கேட்கிற மாதிரி மற்றவர்களும் எங்களைக் கேட்பார்கள் இல்லையா? அதனால் மௌனம் என்று உத்தரவு வந்துவிட்டால் கப்பலே வாயைப் பொத்திக்கொள்ளும். செருப்பைக் கழற்றிவிடுவோம். கரண்டி தட்டில் படக் கூடாது. வேலை இல்லாதவர்கள் அவரவர் படுக்கையில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமுவோம்.

வெளியில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்டால் பயமாக இருக்கும். எங்களுக்கு நேர் எதிர். பக்கத்துப் படுக்கையில் இருப்பவன் வாயைத் திறக்காமல் கிடக்கிறான் என்றால் அவன் என் உயிரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறான் என்று அர்த்தம். யாராவது பேசினால்தான் பயம். அப்படிக் கிடந்த நேரங்களில் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இன்றைக்கும் ஒரு மனிதர் என்னோடு பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் வரும்.

இன்னொன்றும் அங்கேதான் படித்தேன். மூடிய இடத்தில் மாட்டிக்கொண்டவன் காற்று தீர்ந்து சாவதற்கு முன்னால் தான் விட்ட மூச்சாலேயே செத்துப்போவான். அந்தக் கெட்ட காற்று சேரச் சேரத் தலை வலிக்கும், கண் செருகும், புத்தி குழம்பும். அதனால் அசையக் கூடாது, பேசக் கூடாது, பாடக் கூடாது, சாமியைக்கூட மனசுக்குள்தான் கூப்பிட வேண்டும். ஒரு பயிற்சியில் இதை எங்களுக்கு உடம்பாலேயே உணர்த்தினார்கள். வெளியே வந்தபோது மண்டை பிளக்கிற மாதிரி வலித்தது. அதன்பிறகு இந்தப் பாடத்தை யாரும் எனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஓய்வுபெற்று ஊருக்கு வந்ததும் ஒரு அலுவலகத்தில் பாதுகாப்பு அதிகாரி வேலை கிடைத்தது. நாள் முழுக்க உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சல்யூட் வாங்கிக்கொள்கிற வேலை. சகிக்கவில்லை, விட்டுவிட்டேன். பிறகுதான் தண்ணீருக்கடியில் செய்கிற வேலைகளை எடுக்க ஆரம்பித்தேன், கடலோரத்து விழிஞ்ஞத்துக்காரர் ஒருவர் கூட்டாளியாகச் சேர்ந்தார். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை மூழ்கி எடுக்கிற குடும்பம். என்னைவிட நன்றாக இளையவர், தண்ணீருக்குள் போனால் மீன். என் காது இரண்டும் இனி ஆழத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவர் மூழ்குவார், நான் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாங்கள் இருவரும், ஒரு வேனும், கொஞ்சம் சிலிண்டர்களும்தான் கம்பெனி. வேனின் பக்கவாட்டில் நீருக்கடியில் மீட்புப் பணி என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி வைத்தோம். என் மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு வேற ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டார்.

அணை ஷட்டர் பார்ப்பது, படகு விசிறியில் சிக்கின வலையை அறுப்பது, இதெல்லாம் உண்டு. ஆனால் தொலைபேசி அடித்தால் பெரும்பாலும் பிணம்தான். கல்லாற்றில் குளிக்க வந்த கல்லூரிப் பிள்ளைகள், கோவில் குளத்தில் கால் வழுக்கினவர்கள், பாறை வெட்டி எடுத்துவிட்டுப்போன குழிகளில் துணி துவைக்க இறங்கினவர்கள். நாங்கள் சிலிண்டரை இறக்கி வைத்தவுடன் கரையில் நிற்கிற தாய் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள். "அந்த ஆக்ஸிஜனைக் கொஞ்சம் எம்புள்ளைக்கும் குடுங்க சார்" என்பாள். அது ஆக்ஸிஜன் இல்லை, மூழ்குகிறவருக்கான வெறும் காற்று, உன் பிள்ளைக்கு இனி எந்தக் காற்றும் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் கயிற்றைச் சரிபார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் கொல்லைப்பக்கமாகப் போய்த் தலையோடு குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். என் மனைவி வாளியும் துண்டும் எடுத்து வைத்திருப்பாள். யார், என்ன வயது என்று கேட்பாள். நான் சொல்ல மாட்டேன். பிணம் தூக்குகிறவன் என்று என்னை நானே நினைக்க ஆரம்பித்திருந்தேன். உண்மையில் அப்படித்தான் இருந்தேன்.

அந்த வருஷம் இடவப்பாதிப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள், நெடுமங்காடு தாண்டி ஒரு ஷட்டர் வேலையாகப் போயிருந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது தீயணைப்பு நிலையத்திலிருந்து போன். விதுராவுக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டின் பழைய பம்ப்ஹவுஸில் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார், அவர்களுடைய மூழ்குகிற ஆட்கள் வருகிற வழியில் மரம் விழுந்து கிடக்கிறது, நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்களாமே என்று கேட்டார்கள். பிணமா என்று கேட்டேன். "இல்ல சார், ஆள் ஜீவனோட உண்டு. சம்சாரிக்குது" என்றார் போனில் இருந்தவர். பேசுகிறாராம்! பொட்டலத்தை அப்படியே மூடிவிட்டு வேனில் ஏறினோம். அத்தனை வருஷத்தில் உயிரோடு இருக்கிற ஒருவருக்காக எங்களை யாரும் கூப்பிட்டதே இல்லை.

போய்ப் பார்த்தால் ஆற்றங்கரையில் திருவிழாக் கூட்டம். இடம் இப்படி இருந்தது. பம்ப்ஹவுஸ் தரைக்குக் கீழே ஒரு கான்கிரீட் அறை. ஆற்றுத் தண்ணீர் அந்த அறைக்கு வருவதற்கு, ஆள் குனிந்து போகிற அளவில் ஒரு சுரங்கவழி. சேறு அள்ளுவதற்காகக் கூலியாட்கள் அதன் வழியே உள்ளே போயிருக்கிறார்கள். இங்கே நல்ல வெயில். மழை மேலே பொன்முடிப் பக்கம் பெய்திருக்கிறது, அது யாருக்கும் தெரியவில்லை. ஆறு ஒரே மூச்சில் ஏறிவிட்டது. வாசல் பக்கம் நின்றவர்கள் வெளியே பாய்ந்துவிட்டார்கள். அறையின் கோடியில் நின்றிருந்த ஒருவர் மட்டும் உள்ளே. சுரங்கவழி முழுக்கத் தண்ணீர், அதன் வாயில் அடித்துக்கொண்டு வந்த ஒரு மரம். அறையின் மேல்பாதியில் மட்டும் காற்று தங்கியிருந்தது. அங்கே ஒரு சிமெண்ட் மேடைமேல் அவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அறையிலிருந்து பம்ப்ஹவுஸுக்குள் ஒரு பழைய இரும்புக் குழாய் ஏறி வந்தது. அதன் மேல்முனையில் வால்வு, மூடியிருந்தது. அந்த மூடின வால்வில் வாயை வைத்துக் கத்தினால் உள்ளே கேட்கும். அவர் பதில் சொன்னால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மேலே கேட்கும்.

குழாயைக் கட்டிக்கொண்டு அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. அவளும் அங்கேயே சித்தாள் வேலை. தலைத்துண்டும் கையும் முழுக்கச் சேறு. தொண்டை கட்டியிருந்தது, பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"ஏங்க, கேக்குதா? பெரியவளுக்குப் போன் போட்டாச்சு. அழுதா. அப்பா வந்துருவாகன்னு சொல்லிருக்கேன். நீங்க பயப்படாதிய. ராத்திரிக்குக் கருவாட்டுக் கொழம்பு வைக்கேன். என்ன, கேக்குதா?"

குழாய்க்குள்ளிருந்து பதில் வந்தது. வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும். அவளுக்குப் புரிந்தது. "இல்ல, மாத்திர போட்டுக்கிட்டேன்" என்றாள். மறுபடி அவர் ஏதோ கேட்டார், மறுபடி அவள் சொன்னாள். சுற்றி நின்றவர்களெல்லாம் ஆளாளுக்குத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சை விடாதே, பேசிக்கொண்டே இரு, இல்லாவிட்டால் ஆள் உறங்கிப்போவான் என்று. அவர் சொல்கிற ஒவ்வொரு பதிலும் அவருடைய காற்றை அழுக்காக்குகிறது என்று அங்கே என் ஒருவனுக்குத்தான் தோன்றியது.

அதற்குள் ஒரு மேஸ்திரி பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு வால்வுப் பக்கம் வந்தார். "கொஞ்சம் திறந்து விடலாம் சார், பாவம், காத்து போகட்டும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் போட்ட கத்தலில் அவர் கையிலிருந்து ஸ்பானர் விழுந்தது.

"தொடாதே! தொட்டா கையை ஒடிச்சுப்புடுவேன்!"

எல்லோரும் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். டீ கொண்டுவந்த ஸ்டீல் டம்ளர் ஒன்றை எடுத்துத் தண்ணீர் வாளியில் கவிழ்த்து அமுக்கிக் காட்டினேன். டம்ளருக்குள் காற்று இருக்கிற வரைக்கும் தண்ணீர் உள்ளே ஏறாது. டம்ளர் மண்டையில் ஓட்டை போட்டால் காற்று மேலே போய்விடும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். வால்வைத் திறந்தாலும் அதுதான், மேல்தளத்தை உடைத்தாலும் அதுதான். எங்கள் சிலிண்டரை வால்வில் மாட்டிக் காற்று அனுப்பலாமா என்று நானும் யோசிக்காமல் இல்லை. அந்தத் துருப்பிடித்த வாய்க்குப் பொருந்துகிற இணைப்பு எங்களிடம் கிடையாது. ஒருதரம் திறந்தால் அது மறுபடி மூடுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வழி ஒன்றுதான். மரத்தை நகர்த்தி, சுரங்கவழியாக என் கூட்டாளி உள்ளே போய், அவர் முகத்தில் மாஸ்க்கை மாட்டிக் கூட்டிவர வேண்டும்.

கூட்டாளி ஆற்றில் இறங்கி மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். "அண்ணா, போகலாம். பட்சே சமயம் எடுக்கும்" என்றார். மரத்தை ஒரேயடியாக இழுத்தால் வாயிலேயே குறுக்கே சிக்கிக்கொள்ளும், கிளை கிளையாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நேரம் எடுக்கும் என்றால் உள்ளே இருப்பவருடைய காற்று அத்தனை நேரம் தாங்க வேண்டும். நான் குழாய்ப் பக்கம் போனேன்.

"இந்தாம்மா, போதும். பேச்சை நிறுத்து."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் பேசலேன்னா அவுக பயந்துருவாக சார்."

"பயப்படட்டும். பயந்தா சாக மாட்டார். நீ பேசினா அவர் பதில் பேசறார். பேசப் பேச உள்ள இருக்கற காத்து கெட்டுப்போறது. கொஞ்ச நேரத்துல மயக்கம் வந்து தண்ணிக்குள்ள சரிஞ்சுடுவார்."

"அப்ப நான் மட்டும் பேசுதேன். நீங்க பதில் சொல்லாதியன்னு சொல்லிப்புடுதேன்."

"பெண்டாட்டி குரல் கேட்டா மனுஷன் வாய் சும்மா இருக்குமா? இவ்வளவு நேரம் இருந்துதா?"

அவள் குழாயை விடவில்லை. "அவுகளுக்கு என்னமும் ஆயிப்போச்சுன்னா? கடேசியா ஒரு வார்த்த பேச விடாமப் பண்ணிட்டியளேன்னு ஆயிரும்லா சார்."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பயமும்தான், அதை மறைக்க எரிச்சல். "பேசினா இதுதான் கடைசி வார்த்தை. வாயை மூடிண்டு இருந்தா இன்னும் நாப்பது வருஷம் பேசலாம். எது வேணும், நீயே சொல்லு!"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழாயிலிருந்து முகத்தை எடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். கூட்டத்தையும் விரட்டினேன். ஒருத்தர் மிண்டக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது, செல்போனை அணை, ஜெனரேட்டரை நிறுத்து என்று தொண்டை கிழியக் கத்தினேன். அமைதி வேண்டும் என்று அந்த இடத்திலேயே அதிகமாகக் கத்தினது நான்தான்.

பிறகு நான் வால்வில் வாயை வைத்தேன். "நான் கடற்படையில இருந்தவன். நான் சொல்றதைக் கேளு. பேசக் கூடாது. சுவத்துல சாஞ்சு உக்காரு. மெதுவா மூச்சு விடு. ஆள் உள்ள வரான்."

கொஞ்சம் கழித்துக் குரல் வந்தது. இந்தத் தடவை எனக்கே புரிந்தது. "அவ இருக்காளா சார்?"

"இங்கதான் இருக்கா. பேசாதே."

அதோடு நின்றது. ஆற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. அத்தனை பேர் வாயைத் திறக்காமல் நின்றார்கள். எனக்குப் பழைய நாட்களின் நிம்மதி வந்தது என்றுகூடச் சொல்வேன். கரையிலிருந்த ஒவ்வொருவரும் அந்த மனிதரை ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்திருப்பதாக எனக்குத் தோன்றியது. நான் குழாயில் காதை வைத்துக் கேட்டேன். இருமல் கேட்டது, தண்ணீர் தளும்புவது கேட்டது. ஆள் இருக்கிறார்.

பிறகு தட்டினார். கல்லாலோ கைவளையத்தாலோ குழாயில் தட்டுகிற சத்தம். காதை வைக்காமலே எல்லோருக்கும் கேட்டது. அவள் துள்ளி எழுந்தாள். கீழே கிடந்த ஸ்பானரை எடுத்துவிட்டாள், பதிலுக்குத் தட்டுவதற்கு. நான் தலையை ஆட்டினேன். ஒரு தட்டுக்குப் பதில் வந்தால் அவர் ஓயாமல் தட்டுவார், கையை வீசி வீசித் தட்டினால் மூச்சு இரைக்கும். இதையெல்லாம் அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள், அதை நான் கவனித்தேன்.

மறுபடி தட்டினார். நின்றது. மறுபடி. ஒவ்வொரு தடவையும் அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு அவள் இரண்டு உள்ளங்கையையும் குழாயின்மேல் வைத்துக்கொண்டு, நெற்றியையும் வைத்துக்கொண்டு, அப்படியே இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. எத்தனையோ மாலுமிகளோடு மூழ்கியிருக்கிறேன், அப்படி ஒரு மௌனத்தை யாரும் காத்து நான் பார்த்ததில்லை.

தட்டுவது மெல்ல மெல்லத் தளர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. குழாயில் காதை வைத்தேன், ஆற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இருமல் இல்லை, தளும்பல் இல்லை. அவள் என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன், முடிந்ததா என்று தெரியாது. கூட்டாளி கடைசிக் கிளையை அறுத்துவிட்டு உள்ளே நுழைந்திருந்தார். என் கையில் கயிறு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. சாமி, சாமி என்று மனசுக்குள் கூப்பிட்டேன். வேறு என்ன செய்ய?

கயிறு இழுபட்டது. தீயணைப்பு ஆட்களும் நானும் சேர்ந்து இழுத்தோம். முதலில் கூட்டாளியின் தலை, அடுத்து மாஸ்க் போட்ட இன்னொரு தலை. முகம் நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது! அதுவரை பூட்டி வைத்திருந்த அத்தனை வாயும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. விசில், கைதட்டல், அழுகை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூச்சல் எனக்கு இனித்தது. நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை.

அவள் ஓடி வருவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் வந்தாள். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இப்ப பேசலாமா சார்?"

"பேசு, பேசு, நன்னா பேசு!" என்றேன். அவள் அவர் பக்கம் குனிந்தாள். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்வரை அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது வேனில் கூட்டாளி சிரித்துக்கொண்டே சொன்னார். உள்ளே இவருடைய தலையைப் பார்த்ததும் அந்த மனிதர் முதலில் கேட்டது, "எம்பொண்டாட்டி போயிட்டாளா?" என்பதுதானாம். "செத்துக்கிட்டு இருக்குறப்பவும் பெண்டாட்டி நினைப்பு பாருங்க அண்ணா" என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது என் மனைவி வாளி எடுத்து வைத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசல் வழியாகவே உள்ளே போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் பாயசம் வைத்தாள். மிக்ஸி போட்டு முந்திரி அரைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த சில நாட்கள் எனக்குத் தலைகால் புரியவில்லை. போன்மேல் போன். ஆரியசாலையில் கடை வைத்திருக்கிற, என்னைக் கண்டாலே ஒதுங்கிப்போகிற உறவுக்காரர்கூட வழிமறித்துக் கை கொடுத்தார். ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் நேராகவே சொன்னார். அந்த ஆள் பேசிக்கொண்டே இருந்திருந்தால் நீங்கள் உள்ளே போய் எடுத்திருப்பது பிணத்தைத்தான் என்றார். அதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏன் சொல்லக் கூடாது? சரியாகச் செய்ததைச் சரி என்று சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அப்போதுதான் அவள் போன் செய்தாள். யாரிடமோ நம்பர் வாங்கியிருக்கிறாள்.

"சார், நீங்க ஒருதரம் ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா?"

"என்ன, மறுபடி உடம்பு முடியலையா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. நர்சம்மாகிட்ட பேசுதாக, பக்கத்துக் கட்டில்காரருட்ட பேசுதாக, புள்ளைக கிட்ட போன்ல சிரிச்சிச் சிரிச்சிப் பேசுதாக. எங்கிட்ட மட்டும் பேச மாட்டேங்காக. கண்ணு முழிச்சதுலருந்து ஒரு வார்த்த இல்ல. நீங்க வந்து ஒங்க வாயால சொல்லுங்க சார். நீங்கதான் நிப்பாட்டச் சொன்னியன்னு."

இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மனிதருக்கு உண்மையை எடுத்துச் சொன்னால் தீர்ந்தது. மனைவியிடம் ஒரு டப்பாவில் முறுக்கு போட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

பொது வார்டில் ஜன்னலோரக் கட்டில். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். தேறியிருந்தார். மெலிந்த ஆள், நல்ல களையான முகம். அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள், ஏதோ அந்நிய வீட்டுக்கு வந்தவள் மாதிரி. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். கெட்ட காற்று என்றால் என்ன, அது எப்படிச் சேரும், பேசினால் ஏன் கூடும், எல்லாம் சொன்னேன். சப்மரீன் கதை சொன்னேன். எங்களுக்கெல்லாம் மௌனம்தான் பெரிய துணை, பேசாமல் இருப்பதுதான் அங்கே அன்பு என்று சொன்னேன். அவள் மாட்டேன் என்று சண்டை போட்டதைச் சொன்னேன். ஸ்பானரை எடுத்ததைச் சொன்னேன், குழாயைக் கட்டிக்கொண்டு அழுததைச் சொன்னேன். "நிறுத்தினது நான். அவ இல்லை. கோவம் இருந்தா என்மேல காட்டு" என்று முடித்தேன். நன்றாகத்தான் பேசினேன்.

அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடி கும்பிட்டார்.

"ஒங்க மேல எனக்கு என்ன சார் கோவம்? நீங்க தெய்வம். நீங்க சொன்னது அம்புட்டும் தெளிவாக் கேட்டுச்சு. சாஞ்சி உக்காருன்னிய, உக்காந்தேன். பேசாதேன்னிய, பேசல. ஆனா அந்த இருட்டு இருக்குல்லா சார். அதுக்குள்ள கெடக்குறவனுக்கு மேல ஆள் இருக்கா இல்லியான்னு எப்பிடித் தெரியும்? தண்ணி ஏறுனா இவளும் ஓடித்தான ஆகணும்? தட்டிப் பாத்தேன். ஒரு தட்டு திருப்பித் தட்டிருந்தா போதும்."

"அதுவும் நான்தான் வேண்டாம்னேன்."

"நீங்க சொல்லுவிய சார். அது ஒங்க வேல. நீங்க யாரு, நான் யாரு?" அவர் அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாம், பிறகு அந்தப் பக்கத்துக் கட்டில்காரர் எனக்குச் சொன்னார். "யாரோ ஒருத்தர் சொன்னாருன்னு இவ எதுக்கு சார் நிப்பாட்டுனா?"

காற்றைப் பற்றி என்னிடம் இன்னும் சொல்ல எவ்வளவோ இருந்தது. அதெல்லாம் அவர் கேட்டதற்குப் பதில் இல்லை.

"ஒங்கள உசுரோட பாக்கணும்னுதான்" என்றாள் அவள்.

"பாத்துட்டேல்லா" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.